வெள்ளை ஈ, ஒட்டுண்ணிக் குளவி, பூஞ்சாணம்: தென்னந்தோப்புக்குள் ஒரு கணக்கு

தென்னையில் சுருள் வெள்ளை ஈ விழுந்துவிட்டதென்று ஆலோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, எந்த மருந்தை அடிக்கலாம் என்பதுதான். ஓலைகளின் அடிப்புறத்தில் வெண்மெழுகுச் சுருள்களும், கீழ் ஓலைகளின் மேற்புறத்தில் கரும்பூசணமும் படிந்து தோப்பே கருத்து நிற்கும்போது அந்தக் கேள்வி எழுவது இயல்பே. மருந்து வேண்டாம் என்று நாங்கள் சொல்வதைச் சுற்றுச்சூழல் மீதான கரிசனமாக மட்டுமே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பின்னால் ஏறக்குறைய நூறாண்டுப் பழமையுள்ள ஒரு கணிதம் இருப்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

2009-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பரவத் தொடங்கிய இந்த ஈ, இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. யாரும் திட்டமிட்டு இறக்குமதி செய்யாமலேயே அதன் எதிரியான என்கார்சியா குவாடெலூபே என்ற குளவியும் நம் தோப்புகளில் காணப்பட்டது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இக்குளவி வெள்ளை ஈயின் இளங்குஞ்சுக்குள் முட்டையிட, அதன் புழு குஞ்சை உள்ளிருந்தே தின்று வளர்கிறது. மூன்றாவது தரப்பு ஐசேரியா ஃபியூமோசோரோசியா என்னும் பூஞ்சாணம். ஈரப்பதம் வாய்க்கும்போது இது ஈக்களுக்கு நோயை உண்டாக்கும் என்பதால் தெளிப்புக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆக, ஓர் ஓம்புயிர், ஓர் ஒட்டுண்ணி, ஒரு நோய் என மூன்றும் ஒரே ஓலையில் இருக்கின்றன.

முதல் உலகப் போரின்போது அட்ரியாடிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்திருந்த ஆண்டுகளில், சந்தைக்கு வந்த மீன்களில் சுறா போன்ற வேட்டை மீன்களின் பங்கு உயர்ந்திருந்ததை இத்தாலிய உயிரியலாளர் டி'அன்கோனா கவனித்தார். அதற்கு விளக்கம் தேடிய கணிதவியலாளர் விட்டோ வோல்டெரா 1926-இல் வந்தடைந்த முடிவு இதுதான்: இரையையும் வேட்டையாடியையும் ஒருசேரக் கொன்றால், சராசரியில் இரை பெருகும், வேட்டையாடி குறையும். தோப்பில் அடிக்கும் பூச்சிக்கொல்லியும் இப்படித்தான் இரண்டையும் ஒருசேரக் கொல்கிறது.

இதை எண்களில் வைத்துப் பார்க்கலாம். இவை தோப்பில் அளந்தவை அல்ல, விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. வோல்டெராவின் கணித மாதிரியில் ஈயின் நிலையான எண்ணிக்கையைத் தீர்மானிப்பது ஈயின் பெருக்கம் அல்ல, குளவியின் இறப்பு விகிதமே. குளவிகளில் நாளொன்றுக்கு 10 விழுக்காடு இயல்பாக இறப்பதாகவும், மருந்து இரு தரப்பிலும் நாள்தோறும் மேலும் 5 விழுக்காட்டைக் கொல்வதாகவும் கொண்டால், ஈயின் சமநிலை அளவு முன்பிருந்ததைப்போல் ஒன்றரை மடங்காகிவிடும். ஈ நாளொன்றுக்கு 12 விழுக்காடு பெருகுவதாக இருந்தால், குளவியின் அளவோ முன்பிருந்ததில் ஏறக்குறைய 58 விழுக்காடாகக் குறைந்துவிடும். மருந்தடித்த முதல் வாரத்தில் ஈ குறைவது உண்மைதான். கணக்கு பேசுவது அதற்குப் பின் வரும் மாதங்களைப் பற்றியது. கலிஃபோர்னியாவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆஸ்திரேலியப் பொறிவண்டால் அடக்கப்பட்டிருந்த எலுமிச்சைச் செதில்பூச்சி, 1940-களின் பிற்பகுதியில் டி.டி.டி. தெளித்த தோட்டங்களில் மீண்டும் வெடித்துக் கிளம்பியது இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று.

பூச்சியியலாளர் நிக்கல்சனும் இயற்பியலாளர் பெய்லியும் 1935-இல் ஓம்புயிர், ஒட்டுண்ணி இரண்டின் எண்ணிக்கையையும் தலைமுறை தலைமுறையாகக் கணக்கிடும் மாதிரியை அமைத்தார்கள். அதிலிருந்து களத்துக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு விதி கிடைக்கிறது. ஈ ஒரு தலைமுறையில் இரண்டு மடங்காகும் இடத்தில், குஞ்சுகளில் பாதியைக் குளவி பிடித்தாலே பெருக்கம் நின்றுவிடும். ஐந்து மடங்காகும் வறண்ட, வெப்பமான காலத்தில் பத்துக்கு எட்டைப் பிடிக்க வேண்டும். ஆகவே '60 விழுக்காடு ஒட்டுண்ணி இருக்கிறது' என்ற அறிக்கை தன்னளவில் நல்ல செய்தியும் அல்ல, கெட்ட செய்தியும் அல்ல. அந்த விழுக்காட்டை எடுக்கும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. குளவி வெளியேறிய கூட்டில் வட்டத் துளை இருக்கும், ஈ வெளியேறிய கூட்டில் பிளவு இருக்கும். இவ்விரு வகை வெற்றுக் கூடுகளும் ஓலையிலேயே ஒட்டிக்கொண்டு கிடப்பதால், எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் கிடைப்பது போன மாதங்களின் வரலாறே. கைலென்ஸில் பார்த்து, உயிருள்ள முதிர்ந்த குஞ்சுகளில் எத்தனை குளவி பிடித்துக் கறுத்திருக்கின்றன என்று மட்டும் எண்ணுவதே இன்றைய நிலையைக் காட்டும்.

பூஞ்சாணத்தைச் சேர்த்தால் கணக்கு மாறுகிறது. இரு மடங்காகும் ஈயில் 30 விழுக்காட்டைப் பூஞ்சாணம் கொன்றுவிட்டால், மீதியை நிறுத்தக் குளவி ஏறக்குறைய 29 விழுக்காட்டைப் பிடித்தால் போதும். ஆனால் பூஞ்சாணம் குளவிப் புழு உள்ளே இருக்கும் குஞ்சையும் கொல்லக்கூடும் என்பதால், அடுத்த தலைமுறைக் குளவிகளும் அதே அளவுக்குக் குறையலாம். ஹோக்பெர்க், ஹாசெல், மே ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1990-இல் இந்த மூன்று தரப்பு மாதிரியை ஆராய்ந்தபோது, ஒரே உடலுக்குள் போட்டியிடும்போது வெல்வது எது என்பதைப் பொறுத்து மூன்றும் சேர்ந்து நிலைக்கவும் முடியும், ஒன்று மற்றதை வெளியேற்றவும் முடியும் என்பது தெரியவந்தது. பசுமைக்குடில் வெள்ளை ஈயில் வேறொரு பூஞ்சாணத்தை வைத்துச் செய்த சோதனைகள் போட்டியின் முடிவைத் தீர்மானிப்பது நேரமே என்று காட்டின. குளவி முட்டையிட்ட முதல் மூன்று நாட்களுக்குள் வித்துகள் விழுந்தால் பூஞ்சாணம் வெல்கிறது. அதற்குப் பின் விழுந்தால் பெரும்பாலும் குளவிப் புழு தப்பிவிடுகிறது.

எனவே பூஞ்சாணத்தை 'இயற்கை மருந்து, எப்போது அடித்தாலும் தீங்கில்லை' என்று விற்பதை நான் ஏற்பதில்லை. கறுத்த குஞ்சுகள் நிறைய உள்ள தோப்பில் அதற்கு வேலை இல்லை. இளங்குஞ்சுகள் மிகுந்தும் குளவி அரிதாகவும் உள்ள தோப்பில், காற்றில் ஈரம் உள்ள நாட்களில், மாலை வேளையில் தெளிப்பது பொருந்தும்.

நிக்கல்சன்–பெய்லி மாதிரியை அப்படியே ஓடவிட்டால் ஏற்றஇறக்கம் பெரிதாகிக்கொண்டே போய் இரு தரப்பும் அழியும். உண்மைத் தோப்பில் அப்படி நடக்காததற்கு ஒரு காரணம், மரத்துக்கு மரம் தாக்குதல் வேறுபட்டு, குளவிக்கு எட்டாத குஞ்சுகள் எங்கோ எஞ்சியிருப்பதே. ஆகவே தோப்பில் ஓர் ஈகூட இருக்கக் கூடாதென்ற இலக்கு குளவியையும் பட்டினி போட்டுவிடும். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா பசை, ஈக்களுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி என்ற அளவோடு நிறுத்தி, தாக்குதல் கடுமையான மரங்கள் சிலவற்றையும் லேசான மரங்கள் சிலவற்றையும் குறித்துவைத்து, இரு வாரத்துக்கு ஒருமுறை கறுத்த குஞ்சுகளை எண்ணி எழுதிவருமாறு கேட்டுக்கொள்கிறேன். தொடர்ந்து மூன்று எண்ணிக்கையிலும் அந்தப் பங்கு ஏறாமலிருந்தால், குளவியுள்ள ஓலைத் துண்டுகளை மருந்தடிக்காத பக்கத்துத் தோப்பிலிருந்து வாங்கி வந்து கட்ட வேண்டும்.