ஸ்நாப்ஷாட் எடுத்தாச்சு சார்… சரி, பேக்கப் எங்க?

பாண்டி, கடலூர் பக்கம் கிளினிக், ஜவுளிக்கடை, ஆடிட்டர் ஆபீஸ்னு சர்வர் பாக்கப் போற இடத்துல "பேக்கப் இருக்கா"ன்னு கேட்டா "டெய்லி ஸ்நாப்ஷாட் ஓடுது சார்"னு கெத்தா சொல்லுவாங்க, அந்த ஸ்நாப்ஷாட் (டிஸ்க்கோட அந்த நேரத்து நிலைய பிடிச்சு வெக்கிறது) எங்கன்னு தேடுனா விஎம் (நிஜ மெஷினுக்குள்ள மென்பொருளா ஓடுற சர்வர்) இருக்குற அதே டிஸ்க்ல உக்காந்திருக்கும்.

கேவிஎம்ல (லினக்ஸ்ல விஎம் ஓட்டுற வசதி) ஓடுற விஎம்முக்கு எக்ஸ்டர்னல் ஸ்நாப்ஷாட் போட்டா பழைய டிஸ்க் ஃபைல்ல எழுதுறது நின்னுடும், அதுக்கப்புறம் மாறுறது எல்லாம் ஓவர்லேன்னு புது ஃபைலுக்குப் போகும், அவ்ளோதான். பழைய ஃபைல் போச்சுன்னா ஓவர்லேவ வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. விஎம்ம நிறுத்தாம அந்தப் பழைய ஃபைல வேற மெஷினுக்கு காப்பி பண்ணத்தான் இந்த ஏற்பாடே. காப்பி முடிஞ்சதும் பிளாக்கமிட்னு ஒரு கமாண்ட் குடுத்து ஓவர்லேவ பழைய ஃபைலோட சேத்துடணும்.

இந்தக் கடைசி வேலையத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. மஞ்சக்குப்பத்துல ஒரு கடையில பில்லிங் திடீர்னு நின்னு போச்சு, கவுண்டர்ல கூட்டம், உள்ள போய்ப் பாத்தா ஹோஸ்ட் (விஎம்ம ஓட்டுற நிஜ மெஷின்) டிஸ்க் 100% ரொம்பிப் போச்சு, விஎம் பாஸ்டுன்னு (நிறுத்தி வெச்சிருக்குன்னு) காட்டுது, யாரோ எப்பவோ போட்ட ஸ்நாப்ஷாட்டோட ஓவர்லே ஊதிக்கிட்டே வந்திருக்கு. அந்தப் பதட்டத்துல ஓவர்லேவ மட்டும் அழிச்சிடாதீங்க, ஸ்நாப்ஷாட் போட்டதுலேருந்து அடிச்ச பில் மொத்தமும் அதுக்குள்ளதான் இருக்கு. பழைய ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் டிஸ்க் ஃபைல்) ஏதாவது கெடந்தா தூக்கிட்டு எடம் பண்ணி, விஎம்ம ரெஸ்யூம் பண்ணி, அப்புறம் கமிட் பண்ணுங்க.

விஎம்முக்குள்ள க்யூஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் (ஹோஸ்ட் சொல்றத உள்ள இருந்து செய்யுற குட்டி புரோகிராம்) போட்டு, ஸ்நாப்ஷாட்ட குவைஸ் (எழுதுறத கொஞ்ச நேரம் நிறுத்தி வெக்கிற) ஆப்ஷனோட எடுங்க. லினக்ஸ்னா ஃபைல்சிஸ்டத்த ஒரு நிமிஷத்துக்கும் கம்மியா ஃப்ரீஸ் பண்ணி விடும், விண்டோஸ்னா விஎஸ்எஸ் (விண்டோஸோட சொந்த ஸ்நாப்ஷாட் சர்வீஸ்) பாத்துக்கும். இது இல்லாம எடுத்த காப்பி திடீர்னு கரண்ட் புடுங்குன சர்வர் மாதிரிதான், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல இன்னோடிபி வகை டேபிள் பெரும்பாலும் தானா எழுந்துக்கும், மைஐசாம் வகை டேபிள் இருந்தா சாமிய கும்பிட்டுக்கங்க. டேட்டாபேஸ் இருந்தா தனியா டம்ப்பும் (டேட்டாவ மட்டும் ஒரு ஃபைலா எடுக்குறது) எடுத்திடுங்க, இதுல நான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. ரெண்டு டிஸ்க் இருக்குற விஎம்னா ரெண்டையும் ஒரே ஸ்நாப்ஷாட்ல எடுக்கணும்.

காப்பிய அதே ரூம்ல இருக்குற நாஸ்ல (நெட்வொர்க்ல மாட்டுற ஸ்டோரேஜ் பெட்டி) மட்டும் வெக்காதீங்க. 2011 டிசம்பர் 30ல தானே புயல், 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல், ரெண்டுமே நம்ம பக்கந்தான் கரையேறுச்சு, ஃபெஞ்சலுக்கு பாண்டில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழ. கிரவுண்ட் ஃப்ளோர்ல சர்வரும் நாஸும் பக்கத்து பக்கத்துல இருந்தா ரெண்டும் சேந்துதான் முங்கும்.

எடுத்த காப்பிய அப்பப்போ ஒரு டெஸ்ட் மெஷின்ல பூட் பண்ணிப் பாருங்க. பண்றதுக்கு முன்னாடி நெட்வொர்க்க கழட்டிடுங்க, இல்லன்னா ஒரே ஐபில ரெண்டு சர்வர் முட்டிக்கும்.