‘யூ ரியலி காட் மீ’ பாடலில் கிட்டார் உறுமுவது எப்படி?

லண்டனின் தி கிங்க்ஸ் என்ற ராக் குழு 1964 ஆகஸ்டில் வெளியிட்ட ‘யூ ரியலி காட் மீ’ இரண்டேகால் நிமிடப் பாட்டு. அடுத்த மாதமே பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. எழுதியவர் ரே டேவிஸ். கிட்டார் வாசித்த அவருடைய தம்பி டேவுக்கு அப்போது வயது 17.

அந்தக் கரகரப்புக்குக் காரணமாக எல்லோரும் சொல்வது ரேசர் பிளேடு. எல்பிகோ என்ற சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் தாளை டேவ் பிளேடால் கீறிவிட்டார். கீறிய தாள், அதை ஆட்டும் காயிலின் அசைவுக்கு ஒழுங்காக ஈடுகொடுக்காது. விளிம்புகள் படபடத்து இரையும். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. எல்பிகோவின் ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்து வயரை இழுத்து வாக்ஸ் ஏசி 30 ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டிலும் செருகியிருந்தார்கள். தாளின் படபடப்பு காற்றில் கேட்கும்; வயர் வழியே அது பெரிதாகப் போகாது. வாக்ஸிலிருந்து வந்த உறுமல் பெரும்பாலும் ஒலியைப் பெருக்கும் வால்வுகளில் (வெற்றிடக் குழாய்களில்) பிறந்தது என்பதே என் கணிப்பு.

கணக்குப் போட்டால் புரியும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டார் பிக்கப் தருவது சுமார் 0.1 முதல் 0.5 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5 வாட் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரின் வெளியீடோ 6.3 வோல்ட். பத்து மடங்குக்கும் மேலான அந்த அழுத்தத்தை அடுத்த ஆம்ப்ளிஃபயரின் வால்வால் பெருக்க முடியாது. அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. இதுதான் கிளிப்பிங். மேலும் கீழும் சமமாக வெட்டுப்பட்டால் ஒற்றைப்படை மடங்குகள் புதிதாகத் தோன்றும்: 98 ஹெர்ட்ஸ் சுரத்துடன் 294, 490, 686 என்று. ஒருபக்கம் அதிகமாக வெட்டுப்பட்டால் இரட்டைப்படை மடங்குகளும் சேரும்.

இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டும்போதுதான் விஷயம் சூடுபிடிக்கிறது. இந்தப் பாட்டின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) எஃப், ஜி, ஜி, எஃப், ஜி என்று போகும் பவர் கார்டுகள். ஜி பவர் கார்டில் இருப்பவை ஜி (98 ஹெர்ட்ஸ்), டி (146.8 ஹெர்ட்ஸ்): நம் கணக்கில் ஷட்ஜமமும் பஞ்சமமும், 2:3 விகிதம். கிளிப்பிங் இவற்றைக் கலந்து, கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்களை உண்டாக்குகிறது. எல்லாமே ஏறத்தாழ 49-இன் மடங்குகள். கிட்டார் ஸ்பீக்கர் 49 ஹெர்ட்ஸை முழுதாகத் தராது; இருந்தும் 98, 147, 196, 245 என்று மடங்குகள் வரிசையாக நிற்பதால், ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் ஜி-யைக் காதே ஊகித்துக்கொள்கிறது. இரண்டு சுரம் மலைபோல் கனப்பது இதனால்தான்.

இதே கார்டில் பி-யை (123.5 ஹெர்ட்ஸ்) சேர்த்துப் பாருங்கள், குழம்பிவிடும். ஜி-யின் ஐந்தாம் மடங்கு 490, பி-யின் நான்காம் மடங்கு 493.9, நொடிக்கு நான்கு முறை மோதித் துடிக்கும். சுத்தமான ஒலியில் இது மெலிதாகக் கிடக்கும். டிஸ்டார்ஷன், அதாவது இந்தக் கரகரப்பு, அதை முன்னுக்கு இழுத்துவிடும். ஜி-டி ஜோடியில் இதே வித்தியாசம் 0.3 ஹெர்ட்ஸ்தான்.

கரகரப்பு ஒலி இவர்கள் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லிங்க் ரே 1958-லேயே ஸ்பீக்கரில் ஓட்டை போட்டார். 1962-இல் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெடல் கடைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த ஒலியையே பாட்டின் முதுகெலும்பாக வைத்து முதலிடம் பிடித்ததில்தான் இந்தப் பாட்டின் பெருமை. வான் ஹேலன் குழு 1978-இல் தன் முதல் ஆல்பத்துக்கு இதையே எடுத்துக்கொண்டது.

வாசித்துப் பார்க்க: தடித்த ஆறாவது ஸ்ட்ரிங்கில் 3-ஆவது ஃப்ரெட், ஐந்தாவதிலும் நான்காவதிலும் 5-ஆவது ஃப்ரெட், மற்ற ஸ்ட்ரிங்குகளை விரலால் அமுக்கி ஊமையாக்குங்கள். எஃப்-க்கு அதே கையமைப்பு இரண்டு ஃப்ரெட் கீழே. ஸ்பீக்கர் வெளியீட்டை இன்னொரு ஆம்ப்ளிஃபயரில் செருகவே வேண்டாம்: உள்ளீடு எரியலாம், வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போகலாம். இரண்டு டயோடுகளால் அலையை 0.6 வோல்ட் அளவில் வெட்டும் சாதாரண பெடல் போதும். கெயினை (கரகரப்பைக் கூட்டும் திருகை) பாதிக்குச் சற்று மேலே வையுங்கள். முழுக்கத் திருகினால் மீட்டும் பிக் ஸ்ட்ரிங்கில் படும் அந்த ‘டக்’ தேய்ந்து, ரிஃப்பின் வெட்டு போய்விடும்.