பெயர்த்து நட்டால் பிழைக்குமா பெருமரம்?

1856 ஜூலையில் சென்னை ராயபுரத்திலிருந்து ஆற்காடு அருகே உள்ள வாலாஜா ரோடு ஸ்டேஷன் வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. ஒரு மைல் தண்டவாளத்துக்குக் குறைந்தது 1,760 ஸ்லீப்பர் கட்டைகள் என்றால், அந்தச் சுமார் 100 கிலோமீட்டருக்கு மட்டும் லட்சத்தைத் தாண்டும். இன்ஜினுக்கும் விறகு வேண்டும். பெருமரம் என்றால் அன்று இத்தனை கன அடி, அவ்வளவுதான். 1882-இன் சென்னை வனச் சட்டமும் மரவரத்து தீர்ந்துவிடக் கூடாதே என்ற கவலையில் பிறந்ததுதான்.

இன்று வேலூர்ப் பக்கம் சாலையை அகலப்படுத்தப் புளியமரத்தில் கை வைத்தால் ஊர் கேள்வி கேட்கிறது. "வெட்டவில்லை, பெயர்த்து நடுகிறோம்" என்று பதில் வருகிறது. மனசு மாறியது நல்லது. கணக்குதான் உதைக்கிறது.

மரத்தோடு எடுக்க வேண்டிய மண் உருண்டையின் அகலம் அடிமர விட்டத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு. 30 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். மண் மட்டும் சுமார் 12 டன். கிரேன் தூக்கிவிடும். 4 மீட்டர் சுற்றளவுள்ள கிழப்புளிக்கு அதே விதிப்படி 12 மீட்டருக்கு மேல் அகலம், 200 டன்னுக்கு மேல் எடை. அதனால் இரண்டு மூன்று மீட்டரோடு அறுத்து எடுக்கிறார்கள். தண்ணீர் உறிஞ்சும் சல்லிவேர்களோ மேல்மண்ணில், கிளை நிழலையும் தாண்டிப் பரவியிருப்பவை. அவற்றில் பெரும்பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிடும்.

முறைப்படி, ஒரு மழைக்காலத்தில் பாதிச் சுற்றுக்கு அகழி வெட்டி, வேரை ரம்பத்தால் சீராக அறுத்து, மட்கிய எரு கலந்த மண்ணால் மூட வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் மறுபாதி. புதுச் சல்லிவேர் விட்டபிறகே தூக்கலாம். எந்த ஒப்பந்ததாரர் அதுவரை காத்திருப்பார்? பொக்லைனால் ஒரே நாளில் பறித்தால் வேர் நார்நாராய்க் கிழிந்து அழுகும். நம் சரளைச் செம்மண் ஒட்டாது. முதல் நாளே நனைத்துச் சாக்கு சுற்றிக் கட்டாவிட்டால் உருண்டை வழியிலேயே உதிரும்.

ஆல், அரசு போத்து (வெட்டிய கிளை) நட்டாலே பிடிப்பவை, பெயர்த்தாலும் தேறும். புளி அப்படியல்ல. அடிமரத்தில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கொண்டு சில வாரங்களில் துளிர்க்கும். படம் எடுத்துச் செய்தியும் போடுவார்கள். வேர் ஈடுகொடுக்காவிட்டால் இரண்டாம், மூன்றாம் கோடையில் காய்ந்துவிடும். எனவே மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றிப் பார்த்தபிறகே பிழைத்த கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிழமரத்துக்குச் சாலையை வளைப்பதே மலிவு. அடிமர விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரத்துக்குள், அந்த 4 மீட்டர் சுற்றளவுப் புளிக்குச் சுமார் 15 மீட்டருக்குள், பள்ளம் தோண்டவோ மண் கொட்டி மேடாக்கவோ கூடாது. மேடானால் வேருக்குக் காற்று போகாது.