192.168-னு சரியா சொல்லிட்டான்னு பயந்துடாதீங்க

போன வாரம் ஒரு கஸ்டமர் பதறிப்போய் கால் பண்ணாங்க. யாரோ சர்வீஸ் சென்டர்னு சொல்லி, விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அமுக்க வெச்சு, சிஎம்டின்னு டைப் பண்ணி, வந்த கறுப்பு விண்டோவுல ஐபிகான்ஃபிக்னு (நெட்வொர்க்குல கம்ப்யூட்டருக்கு இருக்கற நம்பரை, அதாவது ஐபி அட்ரஸைக் காட்டற கமாண்ட்) அடிக்கச் சொல்லியிருக்கான், இவங்க என்டர் தட்டுறதுக்கு முன்னாடியே "192.168-னு ஆரம்பிக்கும் பாருங்க மேடம், அது ஹேக் ஆன லிஸ்ட்ல இருக்கு"ன்னுட்டானாம். பார்த்தா அப்படியே வந்திருக்கு. கை நடுங்கிடுச்சுன்னாங்க.

என் கம்ப்யூட்டர்லயும் அதேதாங்க வருது! 10-ல ஆரம்பிக்கிறது, 172.16-ல இருந்து 172.31 வரைக்கும், அப்புறம் 192.168, இந்த மூணும் வீடு, ஆபீஸ் மாதிரி உள் நெட்வொர்க்குக்குன்னே ஒதுக்கி வெச்ச நம்பர், 1996-லயே எழுதி வெச்ச விதி. வீட்டு ரவுட்டர் பெரும்பாலும் 192.168-லதான் நம்பர் குடுக்கும், அதனால குருட்டாம்போக்குல சொன்னாலே சரியா வந்துடும். வெளிய இன்டர்நெட்டுக்குத் தெரியறது வேற நம்பர், அது இந்த கமாண்டுல பொதுவா வராது.

நீங்களா ஒருதடவை அடிச்சுப் பாத்துக்குங்க. நீளமா கொட்டும், மீடியா டிஸ்கனெக்டட்னு (இணைப்பு இல்லாதது) இருக்கறதை எல்லாம் தாண்டிடுங்க. விபிஎன், விர்ச்சுவல் மெஷின் மாதிரி சாஃப்ட்வேர் போட்டிருந்தா அதுக்கும் தனித்தனியா ஐபி காட்டும், நானே அவசரத்துல அதைப் பார்த்து ஏமாந்திருக்கேன். டிஃபால்ட் கேட்வே (வெளிய போற வழி, வீட்டுல அது ரவுட்டர்) வரியில நம்பர் இருக்கற அடாப்டர் (வைஃபை, கேபிள் மாதிரி நெட் இணைப்பு) எதுன்னு பாருங்க, சாதாரணமா அதோட ஐபிவி4 அட்ரஸ்தான் உங்களுது. லினக்ஸ்ல ஐபி அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு ஏ, மேக்ல இஃப்கான்ஃபிக்.

169.254-னு வந்தா மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. அதுவும் ஹேக் இல்ல, ரவுட்டர்கிட்ட நம்பர் கேட்டு பதிலே வராம கம்ப்யூட்டர் தானா ஒண்ணு வெச்சுக்கிட்டது, அதான் நெட் வராது. கேபிள், ரவுட்டரைப் பாத்துட்டு, ஐபிகான்ஃபிக்குக்கு அப்புறம் ஸ்லாஷ் போட்டு ரின்யூ குடுங்க.

அந்தாளு அடுத்து நெட்ஸ்டாட்னு, கம்ப்யூட்டர் யார்கூட எல்லாம் இணைஞ்சிருக்குன்னு காட்டற கமாண்டை அடிக்கச் சொல்லி, ஃபாரின் அட்ரஸ்னு ஒரு தலைப்பு வரும், எல்லாம் வெளிநாட்டுக்காரன்னு ஆரம்பிச்சிருக்கான். ஃபாரின்னா அங்க கனெக்‌ஷனோட எதிர்முனை, அவ்ளோதான். அவங்க படிச்சுக் காட்டுன மொத வரி 127.0.0.1. அது அவங்க கம்ப்யூட்டரேதான், தன்கிட்டயே பேசிக்கிட்டு இருந்திருக்கு.