பிளாஸ்டிக் மிக்-21க்கு எதற்கு அழுக்கு?

பிளாஸ்டிக் போர் விமானம் ஒன்றை ஒட்டி, பளபளவென்று பெயின்ட் அடித்து அலமாரியில் வைத்தால் பொம்மையாகத்தான் தெரியும். நான் கிருஷ்ணகிரியில் வீட்டு மாடியில் செய்துகொண்டிருப்பது 1/32 அளவு மிக்-21. நிஜத்தில் 7.15 மீட்டர் வரும் இறக்கை, இதில் 22 சென்டிமீட்டர் சொச்சம். 1963இல் நம் விமானப்படைக்கு வந்து 2025 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றது என்பதால் அழுக்கைத் தாராளமாகவே பூசலாம்.

முதலில் ஒட்டுவது. மாடல் சிமென்ட் உண்மையில் பசையே இல்லை, பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவம். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து இடுக்கில் பிரஷ் நுனியை வைத்தால் போதும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அதுவே உள்ளே ஓடிவிடும். நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். இரு பக்கமும் இளகி, மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக்கொண்டு, திரவம் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடுகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெடி தலையைச் சுற்ற வைக்கும். விமானத்தின் மூக்குப் பகுதியை ஒட்டி மூடுவதற்கு முன் உள்ளே கனம் வைக்க வேண்டும், இல்லையென்றால் நிறைய ஜெட் மாடல்கள் வாலில் உட்கார்ந்துவிடும். நான் வைத்தது தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டு, கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் பிடிக்கிற நண்பர் கொடுத்தது.

சரி, அழுக்குக்கு வருவோம். நிஜ விமானத்தில் தகடுகள் சேரும் இடுக்கு ஆழமானது, உள்ளே வெளிச்சம் போகாது, கறுப்பாகத் தெரியும். மாடலில் அது வெறும் கீறல், வெளிச்சம் அடிவரை போய்விடுகிறது. இல்லாத அந்த நிழலை நாம்தான் பூச வேண்டும். பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, ஆயில் பெயின்ட்டை டர்பன்டைனில் தண்ணியாகக் கரைத்துக் கோட்டில் தொட்டால், மறுபடியும் அதே நுண்புழை வேலை, கோடு முழுக்க ஓடும். காய்ந்த அக்ரிலிக்கை டர்பன்டைன் அவ்வளவாகத் தொடாது, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடலாம். வார்னிஷ் போடாத மங்கலான பரப்பு சொரசொரப்பு, கலவை கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் பரவிக் கறையாகிவிடும். என் முதல் மாடலின் இடது இறக்கை அப்படித்தான் நாசமானது. துடைக்கும்போது முன்னிருந்து பின்னாக, காற்று ஓடும் திசையிலேயே துடையுங்கள், தப்பி நிற்கும் தீற்றல்கூட நிஜ அழுக்கு மாதிரி அமையும்.

நான் அழுக்கைப் படித்தது ஹைவேயில் கிரானைட் ஏற்றிப் போகும் லாரிகளைப் பார்த்து. அதில் ஒரு வில்லங்கம். லாரி இரும்பு, துருப்பிடித்துச் செம்பழுப்பாக வழியும். விமானத் தோல் பெரும்பாலும் அலுமினியக் கலவை, அது செந்துரு பிடிக்காது, பெயின்ட் பெயர்ந்த இடத்தில் மங்கிய வெள்ளிதான் தெரியும். இறக்கையில் செந்துரு பூசிய மாடலைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். பின்னால் எஞ்சின் குழாயில் மட்டும் ஆட்டம் வேறு. சூட்டில் உலோகத்தின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டாகி, அதன் தடிமனுக்கேற்ப வைக்கோல் நிறம், ஊதா, நீலம் என்று மாறும்.

கடைசியில் பளபளப்பை மங்கவைக்கும் மேட் வார்னிஷ், அப்புறம் டயர் தூசி. நம்ம ஊர் கிரானைட் தூளைச் சலித்துத் தூவிப் பார்த்தேன். கால் மில்லிமீட்டர் துகள் 1/32இல் 8 மில்லிமீட்டர் கல், டயர் முழுக்க ஜல்லி ஒட்டியது போல இருந்தது. ஊதித் தள்ளிவிட்டு, சாம்பல் நிறச் சாக்பீஸை வழவழவென்று அரைத்துத் தடவினேன்.