புயலுக்கு முன் பால் வாங்கலாம், முதலில் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

புயல் எச்சரிக்கை வந்ததும் எங்கள் பகுதிக் கடைகளில் முதலில் தீர்ந்துபோவது பால். அடுத்து பிரெட், முட்டை, மெழுகுவத்தி. மழை விட்டபின் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் பால் கிடைக்காமல் படுத்தவர் ஒருவர்கூட இல்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்து வருகிறார்கள். வலிப்பு மாத்திரை விட்டுப்போய், வலிப்போடு வருகிறார்கள். டயாலிசிஸ் தவறி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்துக்கொண்டு டிராக்டரில் வருகிறார்கள்.

போன மழையில் வந்த ஒரு கல்லூரி மாணவன்தான் இதை எழுத வைத்தான். சிறு வயதிலிருந்தே இன்சுலினில் இருப்பவன், டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடலில் இன்சுலினே சுரக்காத வகை. தெருவில் இடுப்பளவு தண்ணீர், வீட்டில் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜின் குளிர் போனதும், “இன்சுலின் கெட்டிருக்கும், கெட்டதைப் போட்டா விஷமாயிடும்னு யாரோ சொன்னாங்க” என்று அவன் அம்மா எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருக்கிறார். மறுநாள் வாந்தியும் வயிற்றுவலியும். மழைத் தண்ணீரால் வந்த கோளாறு என்று நினைத்து இஞ்சிச் சாறு கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது நினைவு தப்பும் நிலை. ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்துக்கொண்டான். குப்பைக்குப் போன இன்சுலின் அனேகமாக நன்றாகவே இருந்திருக்கும்.

இந்த ஒரு விஷயத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன். கரண்ட் போனதும் இன்சுலின் கெட்டுவிடாது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்வது மாதக்கணக்கில் வைத்திருப்பதற்காக. அதையே வெளியே எடுத்து, 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வைத்தால், பெரும்பாலான வகைகள் சுமார் 4 வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பது அதன் பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும், இன்றே எடுத்துப் படித்து வையுங்கள். நம் ஊரில் புயல் வருவது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். அப்போது வீட்டுக்குள் அவ்வளவு சூடு இருப்பதில்லை. கரண்ட் போன தேதியைப் பேனாவால் மருந்துப் பெட்டியிலேயே எழுதுங்கள், வெயில் படாத, அடுப்புக்குத் தள்ளிய இடத்தில் வையுங்கள், வழக்கம்போலப் போடுங்கள். கோடையில் கரண்ட் போனால் பெரிய மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, அதற்குள் மூடியோடு ஒரு சின்னப் பானை வைத்து, அதில் வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் போதும்.

இன்சுலினை உண்மையில் கெடுப்பது ஐஸ். பதறிப்போய் ஐஸ் கட்டிக்கு நடுவில் புதைத்து வைக்கிறார்கள், ஃப்ரீசரில் மிச்சமிருக்கும் குளிரில் திணிக்கிறார்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தால், அல்லது பால்போல் இருக்கும் வகையில் உருட்டியபிறகும் கட்டி கட்டியாகத் தெரிந்தால், அதை மாற்றுங்கள். மாற்ற வழியே இல்லாமல், கையில் இருப்பது சந்தேகமான மருந்து மட்டும்தான் என்றால்? டைப் 1 நோயாளி அதையாவது போட வேண்டும். வீரியம் குறைந்திருக்கலாம், அதனால் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொண்டு, புது மருந்துக்கு வழி தேட வேண்டும். அது விஷமாக மாறாது. இன்சுலின் இல்லாமல் விட்டால்தான் ஒன்றிரண்டு நாளில் உயிருக்கு ஆபத்து.

இதோடு ஒட்டிய இன்னொரு பேச்சு: “சாப்பாடே இல்லை, அதனால இன்சுலின் போடலை.” டைப் 1 உள்ளவர்கள் சாப்பிடாவிட்டாலும் அடிப்படை இன்சுலினை (சாப்பாட்டுக்காக அல்லாமல், நாள் முழுக்க வேலை செய்யப் போடுவது) நிறுத்தக் கூடாது. அதே சமயம், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை போடும் பெரியவர்கள் சாப்பிடாமல் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார்கள். ஆக, எல்லோருக்கும் ஒரே விதி கிடையாது. சாப்பாடு கிடைக்காத நாளில் எதைப் போடுவது, எதை விடுவது, எவ்வளவு குறைப்பது என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்காமலே நாங்கள் எழுதித் தர வேண்டியது இது. புறநோயாளிப் பிரிவின் அவசரத்தில் எங்களில் பலர் எழுதுவதில்லை. அதனால் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள்.

இனி மாத்திரை. எப்போதும் 2 வாரத்துக்கான மாத்திரை கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். தனியே பூட்டி வைத்துக் காலாவதியாக விடாதீர்கள், புதிது வாங்கியதும் பழையதை முதலில் எடுத்துப் பயன்படுத்துங்கள். அரசு மருத்துவமனையிலோ ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலமோ மாதாமாதம் வாங்குகிறவர்கள், அக்டோபர் தொடக்கத்திலேயே கூடுதலாகத் தர முடியுமா என்று செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு நாள் விட்டால் என்ன என்று நினைக்காதீர்கள். வலிப்பு, இதயம், ஸ்டீராய்டு மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

அட்டையைக் கத்தரித்து ஒவ்வொரு மாத்திரையாக டப்பாவில் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பெயரும் தேதியும் வெட்டுப்பட்டுப் போகின்றன. நிவாரண முகாமில் ஒரு பாட்டி “சின்னதா, வெள்ளையா, காலையில ஒண்ணு” என்று சொன்னால் எந்த மருத்துவராலும் மருந்து கொடுக்க முடியாது. மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுப்பது நல்லதுதான், ஆனால் போன் அணைந்துவிடும். தாளில் ஒரு நகல் எடுத்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு மாத்திரையோடு வையுங்கள்.

டயாலிசிஸ் நோயாளிகள் வீட்டில் இருந்தால், இந்தப் பத்தியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே டயாலிசிஸ் மையத்தைக் கூப்பிட்டு, ஒரு நாள் முன்னதாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். மழை நாட்களில் தண்ணீர், உப்பு இரண்டையும் வழக்கத்தைவிடக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், எவ்வளவு என்று மையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முகாம்களில் அன்போடு வாழைப்பழமும் இளநீரும் கொடுப்பார்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அவற்றில் இருக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடலாம். ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் பொட்டாசியம் உண்டு. பசிக்கு வெள்ளைச் சாதம், உப்பில்லாத பொரி, பிரெட் போதும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், கரண்டில் ஓடும் கருவி) இருப்பவர்கள் இன்வெர்ட்டரை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். அது சில மணி நேரம்தான். நிரப்பிய சிலிண்டர் ஒன்று வேண்டும், இல்லையென்றால் மழைக்கு முன்பே இடம் மாறிவிட வேண்டும். பிரசவ நாள் நெருங்கியவர்களும் அப்படித்தான். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னால் முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்வார்கள்.

“எங்க ஏரியாவுல தண்ணி நிக்காது” என்கிற பதிலை நான் இனி ஏற்பதாக இல்லை. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் மாடியிலிருந்து மீட்கப்பட்ட பலரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தண்ணீரே வராத இடத்திலும் கரண்ட் போகும். 2016 வர்தா புயலில் சென்னையில் பல தெருக்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2018 கஜா புயலுக்குப் பிறகு டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, ஆர்.ஓ. ஓடாது. குடிதண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், குறைந்தது 3 நாளுக்குச் சேர்த்து வையுங்கள். 5 பேர் உள்ள வீட்டுக்கு 20 லிட்டர் கேன் மூன்று. எச்சரிக்கை வந்ததும் மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். வெள்ளம் புகுந்த சம்ப் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும், கழுவிக் குளோரின் போடும்வரை அதில் வாய்கூடக் கொப்பளிக்காதீர்கள். கேன் தீர்ந்து வேறு தண்ணீரைக் குடிக்க நேர்ந்தால், கொதி வந்தபின்னும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடியுங்கள்.

மற்றவை சுருக்கமாக. அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பிஸ்கட் என அடுப்பு வேண்டாத சாப்பாடு. மெழுகுவத்திக்குப் பதில் டார்ச்சும் சார்ஜ் விளக்கும், ஏனென்றால் கொசுவலை தீப்பிடித்த காயங்களையும் நாங்கள்தான் கட்டுகிறோம். பவர் பேங்க். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் சில, ஒன்றை அதன் மேல் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், டம்ளரில் பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ ஓட்டவே கூடாது, அதன் புகையில் வாசனை தெரியாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, தூக்கத்திலேயே கொன்றுவிடும். தண்ணீர் ஏறும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஏறிய பிறகு அதன் பக்கமே போகாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், நடக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். ஆம்புலன்ஸ் 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, சென்னை மாநகராட்சி 1913. சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள் என்றால், புயல் அன்று முப்பது முறை போன் போட்டுப் பயனில்லை, டவர் இருக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை பேசுங்கள். எந்த மாத்திரை எத்தனை நாளுக்கு மிச்சம் இருக்கிறது என்று அட்டையைக் கையில் எடுத்து எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். மாடி வீட்டுக்காரரிடமும் பேசி, மாத்திரைக் கவர் எந்த அலமாரியில் இருக்கிறது, இன்சுலின் எங்கே இருக்கிறது, எந்த மருத்துவமனையில் பார்க்கிறார்கள் என்ற மூன்றையும் சொல்லி வையுங்கள்.