கேடயத்துக்குள் எத்தனை அடி ஆழம்?

மெதூசாவை நேருக்கு நேர் பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்கள். அதனால் பெர்சியஸ் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பளபளவென்று துலக்கிய கேடயத்தில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்துத்தான் வாளை வீசினான். இந்தக் கிரேக்கக் கதை 1981இல் 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' என்ற படமாக வந்தது. அதில் ரே ஹாரிஹவுசன் ஒரு பொம்மை மெதூசாவின் தலைப் பாம்புகளை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு ஃபிரேம் எடுத்து உயிர் கொடுத்தார். 2010இல் அதே படத்தைப் புதிதாக எடுத்துத் தியேட்டருக்குக் கொண்டுவந்தபோது பாம்புகள் கணினியில் பிறந்தன. பார்ப்பவர் கையில் ஒரு 3டி கண்ணாடியும் வந்து சேர்ந்தது. நான் சொல்ல வருவது அந்தக் கண்ணாடியின் கதை.

படம் ஓடும்போது அதை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். திரையில் எல்லாம் இரண்டிரண்டாகக் கலங்கித் தெரியும். ஆனால் எல்லாமே ஒரே அளவுக்குக் கலங்குவதில்லை. நாயகனின் முகம் தெளிவாக இருக்கும், அவனுக்குப் பின்னால் உள்ள மலை பிரிந்து நிற்கும். நாம் காணும் ஆழம் முழுவதும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. நம் கண்கள் சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் இரண்டும் உலகத்தைச் சற்றே வேறுவேறாகப் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்திலிருந்துதான் மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது என்று சார்லஸ் வீட்ஸ்டன் 1838லேயே காட்டிவிட்டார். திரையில் இரு கண்களுக்கான பிம்பங்களும் ஒரே இடத்தில் விழுந்தால் பொருள் திரை மேலேயே இருப்பதாகத் தோன்றும். வலக்கண்ணுக்கான பிம்பம் வலப்பக்கம் தள்ளியிருந்தால் பொருள் திரைக்குப் பின்னால் போகும். இடப்பக்கம் தள்ளியிருந்தால் நம்மை நோக்கி வரும்.

எந்தக் கண்ணுக்கு எது என்று பிரித்துக் கொடுப்பது ஒளியின் வேலை. பரவலாக உள்ள முறையில் ஒரே புரொஜெக்டர் நொடிக்கு 144 முறை இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் படத்தை வீசுகிறது. இடக்கண் படத்தின் ஒளி ஒரு திசையில் சுழன்றபடி வந்தால், வலக்கண் படத்தின் ஒளி எதிர்த்திசையில் சுழலும். பாடப்புத்தகம் இதை வட்டத் தளவிளைவு என்கிறது. கண்ணாடியின் ஒவ்வொரு வில்லையும் ஒரு சுழற்சியை மட்டும் உள்ளே விடும். சாதாரண வெள்ளைத் திரையில் பட்டால் இந்தச் சுழற்சி குலைந்துவிடும் என்பதால்தான் உலோகப் பூச்சுள்ள வெள்ளித்திரை தேவைப்படுகிறது. இதற்கெல்லாம் விலையாகப் போவது வெளிச்சம். நேரத்தில் பாதி மற்றக் கண்ணுக்குப் போகிறது, மிஞ்சியதிலும் வடிகட்டி சுமார் பாதியை விழுங்குகிறது. பாதாள உலகக் காட்சிகள் 3டியில் இன்னும் இருண்டு போவது இதனால்தான்.

இதுவரை சொன்னதற்கு இரண்டு படங்கள் வேண்டும். 2010 படத்தை எடுத்ததோ ஒற்றைக் கேமராவில். 'அவதார்' பெற்ற வெற்றிக்குப் பிறகு, பத்து வாரம் அளவில் அதை 3டியாக மாற்றினார்கள். 106 நிமிடப் படம் என்றால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபிரேம்கள். ஒவ்வொன்றிலும் ஆளை, வாளை, பாறையைத் தனித்தனியே கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். பிறகு அருகில் உள்ளது வெளுப்பாகவும் தொலைவில் உள்ளது கறுப்பாகவும் ஓர் ஆழ வரைபடம் தீட்ட வேண்டும். அதன்படி ஒவ்வொரு புள்ளியையும் நகர்த்தினால் இரண்டாம் கண்ணுக்கான படம் கிடைக்கும். நகர்த்திய இடத்தில் ஓட்டை விழும். நாயகனின் தோளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதைக் கேமரா பார்த்ததே இல்லை, அதை வரைந்துதான் நிரப்ப வேண்டும். மூக்குக்கும் காதுக்கும் வெவ்வேறு ஆழம் கொடுக்கப் பொறுமை இல்லாவிட்டால், முழு ஆளும் வெட்டி நிறுத்திய அட்டை போலாகிவிடுவார். முடி, புகை, நீர்த்திவலை ஆகியவற்றில் எல்லைக்கோடு எங்கே போடுவது? 'டைட்டானிக்' படத்தை 2012இல் இதே வழியில் மாற்ற 60 வாரம் ஆனது. பத்து வாரத்தில் முடித்ததை விமர்சகர்கள் கடுமையாகக் குறை சொன்னதில் எனக்கு வியப்பில்லை. அந்த வேலை செய்த கைகள் மீது எனக்குப் பரிவுதான் உண்டு, அவகாசம்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதில் மிகக் கடினமானது எது என்று கேட்டால், கேடயம் என்பேன். தட்டையான ஒரு கேடயத்துக்குப் பத்தடி முன்னால் மெதூசா நின்றால், அவள் பிம்பம் கேடயத்துக்குப் பத்தடி பின்னால் இருக்கும். அதனால் கேடயத்தை ஒரு ஜன்னலாக நினைத்து ஆழம் கொடுக்க வேண்டும். கேடயத்தின் பரப்புக்கு உள்ள ஆழத்தையே பிம்பத்துக்கும் கொடுத்துவிட்டால் மெதூசா அங்கே ஒட்டிய ஸ்டிக்கராகிவிடுவாள். உலோகத்தின் மினுக்கம் இன்னும் நுட்பமானது. வளைந்த பரப்பில் ஒளிப்பொட்டு இடக்கண்ணுக்கு ஓரிடத்திலும் வலக்கண்ணுக்கு வேறோரிடத்திலும் தெரியும். அந்த முரணும் சேர்ந்துதான் நமக்கு 'இது உலோகம்' என்று சொல்கிறது. ஒற்றைப் படத்திலிருந்து செய்தால் அந்தப் பொட்டு வெள்ளைப் பெயின்ட் போல உறைந்து கிடக்கும். இரண்டு லென்ஸ் உள்ள கேமரா இவை எல்லாவற்றையும் யாரும் கேட்காமலேயே பதிவு செய்திருக்கும்.

பெர்சியஸின் தந்திரத்தை நீங்களும் செய்து பார்க்கலாம். இந்த வகைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, ஒரு கண்ணை மூடுங்கள். மூடிய கண் தெளிவாகத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணின் வில்லையோ கன்னங்கரேலென்று இருக்கும். உங்கள் கண்ணிலிருந்து வில்லை வழியாக வெளியே போன ஒளி, எதிரே பட்டுத் திரும்பும்போது சுழற்சி புரண்டு வருகிறது. போன வழியே அதனால் திரும்ப நுழைய முடிவதில்லை. மற்ற வில்லையிலிருந்து வரும் ஒளியும் அதேபோலப் புரண்டு, உங்கள் திறந்த கண்ணுக்கு ஏற்றதாக மாறிவிடுகிறது. இப்போது கண்ணை மாற்றி மூடுங்கள். கறுப்பும் இடம் மாறும். எந்தக் கண்ணால் பார்த்தாலும், அந்தக் கண்ணை மட்டும் உங்களால் பார்க்க முடியாது.